மூன்று தவறுகள், மூன்று மன்னிப்புகள்

தவறு நடந்த பிறகு ஒரு நிறுவனம் விடும் முதல் அறிக்கையைப் படிக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அது அடிபட்டவரைப் பார்த்துப் பேசுகிறதா, தன் பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறதா? சிங்கப்பூரில் அண்மை ஆண்டுகளில் பெரிதாகப் பேசப்பட்ட மூன்று விவகாரங்களை இதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் நம் ஆட்கள் யாரும் மறக்காத ஒன்று. உணவங்காடிகளிலும் காப்பிக்கடைகளிலும் ரொக்கமில்லாமல் பணம் கட்டும் முறையைப் பரப்ப, 2019 ஜூலையில் இ-பே விளம்பரம் வந்தது. ஒரே சீன நடிகர் நான்கு வேடங்களில் நின்றார். ஒரு வேடத்தில் முக்காடு அணிந்த மலாய்ப் பெண். இன்னொன்றில் முகத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி, கழுத்து அட்டையில் ‘கே. முத்துசாமி’ என்று பெயர் தாங்கிய இந்தியர். அந்த நடிகரை வழங்கியது ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்பின் கலைஞர் முகவை. தமிழ் நிகழ்ச்சிகள் தரும் வசந்தம் ஒளிவழியும் ஒலி 96.8 வானொலியும் அதே மீடியாகார்ப்பின் கீழ்தான் இயங்குகின்றன. முத்துசாமியாக நடிக்க ஒரு தமிழரைத் தேடி வெளியே போகவே வேண்டாம். எனக்கு அதிகம் வலித்தது இதுதான்.

எதிர்ப்பு கிளம்பியதும் விளம்பர நிறுவனமான ஹவாஸும் அந்த முகவையும் கூட்டாக அறிக்கை விட்டன. மின்னணு முறையில் பணம் கட்டுவது எல்லாருக்கும் உரியது என்பதே விளம்பரத்தின் கருத்து, பல வேடங்களில் நடிப்பதில் பெயர் பெற்றவர் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தோம், தெரியாமல் யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்ற போக்கில் இருந்தது அது. முகத்தில் சாயம் பூசியது தவறு என்று ஒரு வரி இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்! கோபம் அதனால் அடங்கவில்லை. உடன்பிறந்த இரு இந்தியக் கலைஞர்கள் கடுமையான சொற்களோடு ஒரு ராப் காணொளி வெளியிட்டார்கள். போலிஸ் விசாரணை வந்தது, அவர்களுக்கு நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை கிடைத்தது. அந்தக் காணொளியைக் கண்டித்த அமைச்சர் கா. சண்முகமும் விளம்பரம் ரசனைக்குறைவானது என்பதை மறுக்கவில்லை. நடிகர் தாமே மன்னிப்பு கேட்டது அடுத்த மாதம்தான். முதல் அறிக்கையிலேயே நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு நேர் எதிர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த எஸ்கியூ321 விமானம் மியன்மார் வான்வெளியில் கடுமையாகக் குலுங்கியது. 211 பயணிகள், 18 சிப்பந்திகள். ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். விமானம் பேங்காக்கில் இறங்கியது. மறுநாளே தலைமை நிர்வாகி கோ சூன் போங் காணொளியில் தோன்றி, இறந்தவரின் குடும்பத்துக்கு அனுதாபம் சொல்லி, பயணிகளிடம் மன்னிப்பு கேட்டார். வேறு விமானத்தில் சாங்கி வந்து சேர்ந்தவர்களை நேரில் போய்ப் பார்த்தார். இருக்கை வார் விளக்கு எரியும்போது உணவு பரிமாறுவதை நிறுத்தும் புதிய விதி அதே வாரத்தில் வந்தது. ஜூனில், லேசான காயமடைந்தவர்களுக்கு 10,000 அமெரிக்க டாலர் இழப்பீடு, கடுமையாகக் காயமடைந்தவர்களுக்கு முன்பணமாக 25,000 அமெரிக்க டாலர், எல்லாப் பயணிகளுக்கும் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று அறிவித்தார்கள். அனைத்துலக விமான ஒப்பந்தங்களின்படி இழப்பீட்டுப் பொறுப்பு எப்படியும் உண்டுதான். ஆனாலும் வழக்குப் போட்டு வாங்கிக்கொள் என்று விடாமல், தாமாக முன்வந்து சொன்னார்கள்.

பாராட்டுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காற்று குலுக்கியதற்கு வருத்தம் தெரிவிப்பது, நம் முடிவே தப்பு என்று சொல்வதைவிட எளிது.

அதனால்தான் மூன்றாவது விவகாரத்தை நான் மேலே வைக்கிறேன். 2024 ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம், சலுகைக் கட்டணம் இல்லாதவர்கள் வைத்திருந்த பழைய ஈசி-லிங்க் பயண அட்டைகள் ஜூன் 1 முதல் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் செல்லாது, சிம்ப்ளிகோ முறைக்கு மாறுங்கள் என்றது. புதிய முறையில் கட்டணக் கணக்கு அட்டையில் இல்லை, பின்னால் உள்ள கணினியில் நடந்தது. அதனால் அட்டையைத் தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று அப்போது திரையில் தெரியவில்லை. செயலி போன்ற வேறு வழிகளில்தான் பார்க்க வேண்டியிருந்தது. பேருந்தில் ஏறும் பலரைப் பாருங்கள். அட்டையைத் தட்டிவிட்டு, திரையில் எண்ணைப் பார்த்த பிறகுதான் உள்ளே நகர்வார்கள். இரண்டு வெள்ளி மிச்சமா, இருபது வெள்ளி மிச்சமா என்பது அவர்களுக்கு அன்றாடக் கணக்கு. திறன்பேசி வேண்டாம் என்று இருப்பவரிடம் செயலியைப் பாருங்கள் என்றால் எப்படி?

முதல் அறிவிப்பு அந்த வகையில் மோசம். பயணச்சீட்டு அலுவலகங்களில் வரிசை நீண்டது, மனுக்கள் கிளம்பின. ஆனால் இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஜனவரி 22 அன்று போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் முடிவைத் திரும்பப் பெற்றார். பழைய முறையைத் தொடர 4 கோடி வெள்ளி கூடுதலாகச் செலவாகும் என்பதையும் மறைக்கவில்லை. பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில், ஆணையம் கணித்ததில் தவறு நேர்ந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று மக்கள் மேல் பழி போடவில்லை.

இ-பே அறிக்கைக்கு மதிப்பெண்ணே கிடையாது. மற்ற இரண்டில், வேகத்துக்கும் அக்கறைக்கும் விமான நிறுவனம், நேர்மைக்கு ஆணையம். ஆணையத்துக்கு முழு மதிப்பெண் தர எனக்கு மனம் வராததற்குக் காரணம் அந்த 4 கோடி. அது பொதுப்பணம். ஜனவரி 9க்கு முன்பே தேக்காவிலோ தோ பாயோவிலோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்று பயணிகள் நாலு பேரைக் கேட்டிருந்தாலே, அந்தத் திரை அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லியிருப்பார்கள்.