பேசும் பொம்மை லேப்டாப்: ஏழு வாரம் வைத்துப் பார்த்த ஒரு தாத்தாவின் கருத்து

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 1,600 சொன்னதைப் பேரம் பேசி 1,350 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. இதே அச்சில் வார்த்த பொம்மை பல பெயர்களில் விற்கிறது, அட்டைப்பெட்டி மட்டும்தான் மாறுகிறது. பெட்டி மேல் 'பேச்சு வளரும், மூளை வளரும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

என் பேத்திக்கு அப்போது 15 மாதம். மகள் நர்ஸ், மருமகனுக்கு எண்ணூர் பக்கம் ஷிப்ட் வேலை. காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை பாப்பா என் பொறுப்பு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீடு. அவள் சொன்ன சொற்கள் மூன்றே மூன்று. அம்மா, தாத்தாவான என்னைக் கூப்பிட 'தா', மீனுக்கு 'மீ'. எதிர் வீட்டுப் பிள்ளை அதே வயதில் பத்துப் பதினைந்து சொல் பேசுகிறான். எனக்குப் பயம் வந்துவிட்டது.

பெரம்பூர் கேரேஜில் 34 வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். எந்தப் பொருள் வந்தாலும் முதலில் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். இதில் பேட்டரி மூடிக்குத் திருகு இல்லை. நகத்தால் நெம்பினால் திறந்துகொள்கிறது. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு விற்கும் பொருளில் இது பெரிய குற்றம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். கடையில் நிற்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும். ஒலி அளவுக்கு இரண்டே நிலை, இரண்டுமே காதைக் கிழிக்கும். ஸ்பீக்கர் ஓட்டைகள் மேல் இரண்டு அடுக்கு செல்லோ டேப் ஒட்டிய பிறகுதான் வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது.

தமிழ்ப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கிவிட்டு வாழைப்பழப் படத்தைத் தொட்டால் 'வாளைப்பலம்' என்கிறது. நான்கைந்து தடவை அமுக்கிக் கேட்டேன், அதேதான். முதல் பிறந்தநாளுக்கு முன்னாலேயே குழந்தையின் காது தன் மொழியின் ஒலிகளுக்குப் பழகிவிடுகிறது என்கிறார்கள். அந்தக் காதுக்கு இதைப் போடுவதா?

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத குறை வேறு. இந்தப் பொம்மை காத்திருக்காது.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். பாப்பா மாட்டுப் படத்தை அமுக்கினாள். 'ம்ம்மா' என்று சத்தம் வந்தது. உடனே தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். புருவம் இரண்டும் மேலே போயிருந்தது, வாய் 'மா' என்று குவிந்தது. 'ஆமாம்டி கண்ணு, மாடு! நம்ம தெருவுல போச்சே' என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பொம்மை அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டது. அவள் பார்வை பொம்மைக்கே திரும்பிவிட்டது. ஒரு நாளில் இப்படி எத்தனை தடவை! ஒரு வாரம் போனபின் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பதே குறைந்துபோனது. எனக்கு நெஞ்சு அடைத்தது.

மகளிடம் சொன்னேன். அவள் மருத்துவ இதழ்களைப் படிக்கிறவள். 'அப்பா, இதை அமெரிக்காவில் ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க' என்று எனக்கு விளக்கினாள். வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா சோசா என்பவர் 2016-இல் வெளியிட்டது. 10 முதல் 16 மாதம் வரையுள்ள குழந்தைகள், கூட விளையாட அவர்களின் அம்மா அல்லது அப்பா, மொத்தம் 26 ஜோடி. அவரவர் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு நேரம் பேட்டரி பொம்மை (அதிலும் ஒன்று குழந்தை லேப்டாப்தான்), ஒரு நேரம் மரப் புதிர், கட்டைகள் போன்ற சாதாரண பொம்மை, ஒரு நேரம் படப் புத்தகம். பேட்டரி பொம்மையோடு இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 40 சொல்தான் பேசினார்களாம். சாதாரண பொம்மையோடு 56, புத்தகத்தோடு 67. குழந்தை குரல் கொடுப்பதும் பேட்டரி பொம்மையோடுதான் குறைவு. பொம்மை பேசினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம் என்பதுதான் விஷயம்.

கேட்டதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, பத்துப் பத்து நிமிடமாக மூன்று நாள் பார்த்தேன். பாப்பா தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழைய டைம் ஆபீஸ் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். லேப்டாப்போடு பாப்பா குரல் கொடுத்தது ஒரு நாள் 5, ஒரு நாள் 7, ஒரு நாள் 4. நான் பேசியதில் பெரும்பகுதி 'இதை அமுக்கு, இங்க அமுக்கு'. அட்டைப் படப் புத்தகத்தோடு அவள் 20-க்குக் கீழே போகவே இல்லை. இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு கரண்டி, நாலு புளியங்கொட்டை டப்பா (மூடியை டேப் போட்டு ஒட்டியது) இவற்றோடும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரே வீடு, ஒரே குழந்தை, எண்ணியதும் நானே. இதை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். ஆனால் என் வீட்டு முடிவை எடுக்க எனக்கு அது போதும்.

இன்னொன்றும் மகள் சொன்னாள், அது மனதில் தைத்துவிட்டது. 2003-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீசியா கூல் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் செய்தது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து 12 தடவை கதை சொல்லி விளையாட்டுக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் திறன் வந்துவிட்டது. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவி வழியாகக் காட்டிய குழந்தைகளுக்கு ஒன்றுமே ஏறவில்லை. ஆக, சொல் காதில் விழுந்தால் மட்டும் போதாது. சொல்கிற முகம் குழந்தையைப் பார்க்க வேண்டும், அதன் பதிலுக்கு நிற்க வேண்டும்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா எந்த ஆராய்ச்சியும் படித்தவரல்ல. காசிமேட்டிலிருந்து கூடையோடு எட்டரை மணிக்கு வருவார். பாப்பா என் இடுப்பில் இருந்தபடி விரலை நீட்டி 'மீ' என்பாள். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, 'இன்னா நைனா, பாப்பா இன்னா கேக்குது?' என்று என்னிடம் கேட்டுவிட்டு அவளிடம் குனிவார். 'இன்னாடா கண்ணு, மீனா? இது சங்கரா. செவப்பா கீது பாரு.' அவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பாப்பா கையை நீட்டுவாள், தொடுவாள், ஈரம் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். 'சில்லுனு கீதா? ஐஸு கண்ணு, ஐஸு.' மறுபடியும் நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் ஒருநாள் பாப்பா 'ஐ' என்றாள். நான்காவது சொல். என் 1,350 ரூபாய் பொம்மையில் மீன் படமும் இருக்கிறது, ஐஸ்கிரீம் படமும் இருக்கிறது. அவற்றை நூறு தடவையாவது அமுக்கியிருப்பாள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கெட்டி, மூன்று தடவை கட்டிலிலிருந்து விழுந்தும் விரிசல் இல்லை. விளிம்புகளை வழவழப்பாக இழைத்திருக்கிறார்கள். நாலைந்து வயதில் எழுத்து அடையாளம் கற்கும் பிள்ளைக்கு, பக்கத்தில் பெரியவர் இருந்தால், கொஞ்ச நேரத்துக்குப் பரவாயில்லை. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வாங்காதீர்கள். இதே காசுக்கு அட்டைப் படப் புத்தகம் ஏழெட்டு வாங்கலாம். நான் மூர் மார்க்கெட் பக்கம் பழையது நான்கு வாங்கினேன், ஓரம் கடிபட்டிருந்தது, பாப்பாவும் கடிக்கிறாள்.

என்னைப் போலப் பயந்துபோய் இதை வாங்க நினைப்பவர்களுக்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன். பேச்சு தாமதம் என்ற சந்தேகம் இருந்தால் பொம்மைக் கடைக்குப் போகாதீர்கள், குழந்தை மருத்துவரிடம் போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை, ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, வந்த சொல் போய்விட்டது என்றால் 'ஆம்பளைப் புள்ள மெதுவாத்தான் பேசும்' என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கும் பரிசோதனை. அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டலாம். 2013-இல் தொடங்கிய திட்டம், காசு கிடையாது, தேவைப்பட்டால் அவர்களே மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். பாப்பாவை நாங்களும் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, விரல் நீட்டிக் காட்டுகிறாள், 'நீங்க நிறையப் பேசுங்க தாத்தா' என்றார் டாக்டரம்மா.

லேப்டாப்பைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பேட்டரி மூன்றையும் கழற்றிவிட்டு, பேட்டரி மூடியை ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிட்டேன். இப்போது பாப்பா லேப்டாப்பைத் திறந்து, உள்ளே இரண்டு கரண்டியை வரிசையாக அடுக்கி, என் மடியில் கொண்டுவந்து வைக்கிறாள். 'மீ' என்கிறாள். 'எவ்வளவும்மா கிலோ?' என்று கேட்டுவிட்டு நிற்கிறேன்.