மடி நெறஞ்சிருக்குன்னு நம்பி மாடு வாங்காதீங்க, நாங்க ஏமாந்துட்டோம்

போன மாசம் சந்தையில ஒரு ஜெர்சி கிராஸ் மாடு வாங்குனோம், ரெண்டாவது ஈத்து, கன்னு போட்டு 20 நாள்தான்னு தரகர் சொன்னாரு. 58 ஆயிரம். அதுல 40 ஆயிரம் என் தோடும் செயினும் அடகு வச்ச பணம். மடியைப் பாத்தா அவ்ளோ பெருசு, நாலு காம்பும் விறைச்சு நிக்குது, பால் தானா சொட்டுது, யாரா இருந்தாலும் மயங்கிடுவாங்க. முழுசா கறந்து காட்டுங்கன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டதுக்கு "வண்டியில வந்த மாடு, மெரண்டு போயிருக்கு, வீட்டுல போய் கறந்துக்க தங்கச்சி, வேளைக்கு ஆறு லிட்டர் குறையாது, நான் பொறுப்பு"ன்னு என்னைப் பாத்து சொல்லிட்டு முன்காம்புல மட்டும் ரெண்டு பீச்சு பீச்சிக் காட்டுனாரு.

அன்னிக்கு சாயந்திரம் ஆறு லிட்டர் இருந்துச்சு, மறுநாள் காலையில மூணரை. கறந்து முடிச்சதும் மாமியார் மடியைத் தடவிப் பாத்தாங்க. மூணு பக்கம் வெறும் சுருக்குப்பை மாதிரி தொளதொளன்னு இருக்கு, வலது பின்காம்புக்கு மேல மட்டும் மாங்கொட்டை கணக்கா உள்ள ஒரு கட்டி. "இது பழைய கட்டிடி, ஏமாத்திட்டான்"னாங்க. ஒரு கருப்புத் துணியில அந்தக் காம்பைப் பீச்சுனா சின்னச் சின்னதா திப்பி, மத்த மூணுலயும் ஒண்ணும் இல்ல.

கவர்மெண்ட் கால்நடை டாக்டர் நாலு குழி இருக்கற ஒரு தட்டுல காம்புக்கு ஒரு குழியா பால் பீச்சி ஊதா கலர் மருந்து ஊத்தி சுத்துனாரு. மூணு தண்ணியா ஓடுச்சு, ஒண்ணு மட்டும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழன்னு திரண்டு நின்னுச்சு, அப்படித் திரண்டா அந்தக் காம்புல மடிநோய்னு அர்த்தமாம். நாலு காம்புக்கும் உள்ள தனித்தனி அறையாம், ஒண்ணுல இருக்கற பால் இன்னொண்ணுக்குப் போகாதாம், அதான் ஒண்ணு கெட்டும் மொத்தமா பாத்தா மடி நல்லா தெரிஞ்சிருக்கு. பெரிய மடியா காட்டறதுக்காக ரெண்டு வேளை கறக்காமயே வச்சிருந்திருப்பாங்கன்னும், அப்படித் தேக்குனா மடிநோய் இன்னும் முத்தும்னும் சொன்னாரு. பாவம் அந்த ஜீவன் எவ்ளோ வலியோட நின்னுச்சோ, அதை நெனச்சாதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

காம்புக்குள்ள ட்யூப் மருந்து ஏத்துனாங்க, மருந்து ஏத்துன நாளும் அதுக்கப்புறம் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் நாலு காம்புப் பாலையும் சொசைட்டிக்கு ஊத்தாம கீழ கொட்டுனோம், கன்னுக்கும் குடுக்கல. சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50, சுண்ணாம்பு 15 போட்டு அரைச்சு நாள் பூரா பூசுனதுல வீக்கம் வத்துச்சு, கட்டி மட்டும் கரையவே இல்ல.

தரகருக்கு போன் பண்ணா "உங்க தொழுவத்துல வந்த நோய்க்கு நான் என்ன பண்றது"ங்கறாரு. ரெண்டு நாள்ல இப்படிக் கல்லு மாதிரி ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, ஆனா எங்ககிட்ட ரசீது கிடையாது, கையில பணம் குடுத்து கயிறு வாங்குனதுதான்.

மாடு வாங்கப் போறவங்க பக்கெட்டோட போங்க, உங்க ஆளே நாலு காம்பையும் ஒட்டக் கறக்கட்டும், கறந்து முடிச்ச வெறும் மடியை நாலு பக்கமும் அமுக்கிப் பாருங்க, மடி நெறஞ்சிருக்கும்போது கட்டி கைக்குத் தட்டுப்படாது. கறக்க விடலன்னா கயித்தை விக்கறவர் கையிலயே குடுத்துட்டு வந்துடுங்க.

இப்ப மூணு காம்புல ரெண்டு வேளைக்கும் சேத்து ஆறு லிட்டர்தான் வருது, தீவனச் செலவு போக மிஞ்சறது அடகு வட்டிக்கே சரியா போகுது.