பத்தங்குலமா, பன்னிரண்டங்குலமா? புளூ நோட்டின் தொடக்கக் காலத் தட்டுகள்: ஓர் அலசல்

முதன்முதலாக ஒரு பத்தங்குல இசைத்தட்டை என் தானியங்கி டர்ன்டேபிளில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். கை எழுந்தது, நகர்ந்தது, தட்டின் விளிம்புக்கு வெளியே வெறும் ரப்பர் விரிப்பின் மீது இறங்கியது. பாய்ந்து தூக்கினேன், ஊசி தப்பியது. அந்த இயந்திரத்துக்குத் தெரிந்த அளவு பன்னிரண்டு அங்குலம் மட்டும்தான். அன்றிலிருந்து பத்தங்குலத் தட்டுகளுக்குக் கையால் ஊசி வைக்கிறேன். புளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய தட்டுகளைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். மற்றதெல்லாம் ரசனையும் பணமும் சார்ந்தது.

ஆல்ஃபிரட் லயன் பெர்லினிலிருந்து வந்தவர். 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் நடந்த கச்சேரியில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் இருவரின் பியானோவைக் கேட்டார். அடுத்த மாதமே, 1939 ஜனவரி 6 அன்று, அவர்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பதிவு செய்தார். புளூ நோட் அப்படித்தான் பிறந்தது. அவருடைய பெர்லின் நண்பர் பிரான்சிஸ் வுல்ஃப் அதே ஆண்டில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து கூட்டாளியானார். கொலம்பியா நிறுவனம் 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்திய பிறகும் இந்தச் சிறு நிறுவனம் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளையே விற்றுக்கொண்டிருந்தது. 1951 வாக்கில்தான் பத்தங்குல எல்.பி.க்கு வந்தது. தட்டுகளின் எண்கள் நவீன ஜாஸுக்கு 5000 வரிசை, பழைய பாணிக்கு 7000 வரிசை. 5001இல் தொடங்கிய நவீன வரிசை 5070இல் முடிந்தது. 1955இன் இறுதியில் பன்னிரண்டங்குல 1500 வரிசை தொடங்கியதும் பத்தங்குலத்தின் காலம் முடிந்தது.

ஆக, இந்த இசையைத் தட்டில் கேட்க விரும்புகிறவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: பத்தங்குல முதல் அச்சு, அதே பதிவுகளைத் தொகுத்து 1955க்குப் பிறகு வந்த பன்னிரண்டங்குலம், பின்னாளில் ஜப்பானில் வந்த நகல் அச்சு, மொசைக் நிறுவனம் வெளியிட்ட முழுத்தொகுப்புப் பெட்டி. முதல் அச்சு எப்போதுமே உயர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எந்தப் பதிவு என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

அளவு செய்யும் வேலை

78 தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம். அத்தகைய எட்டுப் பக்கங்களைச் சேர்த்தால் ஒரு பத்தங்குல எல்.பி. நிரம்பும். பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1947 அக்டோபரிலும் நவம்பரிலும் டபிள்யூ.ஓ.ஆர். ஸ்டூடியோவில் பதிவு செய்தவை இந்த மூன்று நிமிட அளவுக்காகவே வாசிக்கப்பட்டவை. தொடக்கம், ராகம் போல ஒரு மெட்டு, சின்னத் தனி ஆவர்த்தனம், முடிவு. மிச்சம் மீதி கிடையாது. இவற்றில் பலவற்றைத் திரட்டிய 5002ஆம் தட்டை எடுத்தால் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். எழுந்து திருப்பிப் போட்டே ஆகவேண்டும். மங்கின் இசைக்கு அந்த இடைவெளி எவ்வளவு பொருந்துகிறது என்பது கேட்டால் தெரியும். ஒவ்வொரு பாடலும் காதில் நறுக்கென்று ஏதோ ஒன்றை மாற்றிவிட்டுப் போகிறது. நான்கைந்து கேட்டதும் மனம் சற்று ஓய்வு கேட்கிறது. தட்டும் அங்கேயே முடிகிறது.

மொசைக் பெட்டி இதற்கு நேர் எதிர். மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் தொடங்கிய அந்நிறுவனத்தின் முதல் வெளியீடே மங்கின் முழு புளூ நோட் பதிவுகள்தான். நான்கு தட்டுகள், 1983. கைவிடப்பட்ட டேக்குகள் (ஒரே பாடலை மறுபடி வாசித்த பதிவுகள்) உட்பட அனைத்தும் பதிவான வரிசையிலேயே இருக்கின்றன. ஆராய்பவருக்கு இதைவிட வேறு வேண்டாம். ஆனால் மாலை வேளையில் கேட்க உட்கார்ந்தவருக்கு ஒரே பாடலின் இரண்டு டேக்குகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவதன் தாக்கம் இரண்டாவதால் தேய்கிறது. லயன் ஒரு டேக்கைத் தேர்ந்தெடுத்து மற்றதை ஒதுக்கியதும் ஒரு கலைத்தீர்ப்புதான். பத்தங்குலத் தட்டு அந்தத் தீர்ப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மங்க் விஷயத்தில் என் ஓட்டு அதற்கே.

இன்னொரு பியானோ கலைஞரான பட் பவலில் கதை மாறுகிறது. 1951 மே 1 அன்று அவர் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சுடன் ‘உன் போகோ லோகோ’வை வாசித்தார். 5003ஆம் பத்தங்குலத்தில் வந்தது ஒரு டேக். பின்னர் வந்த பன்னிரண்டங்குல 1503இன் முதல் பக்கத்தில் மூன்று டேக்குகளும் வரிசையாக இருக்கின்றன. மங்கிடம் எனக்குச் சலிப்பூட்டிய அதே ஏற்பாடு இங்கே உயிரைக் கொடுக்கிறது. தாளத்துக்கு எங்கே இடம் என்று தேடும் ரோச், கௌபெல் என்ற உலோக மணியின் கணீர் ஒலியோடு மூன்றாவது டேக்கில் அதைப் பிடித்துவிடுகிறார். பவலின் வலக்கை அந்தத் தாளத்தின் மேல் ஏறி ஓடுகிறது. ஒரு படைப்பு கண்ணெதிரே கெட்டிப்படுவதைக் கேட்கலாம். பத்தங்குலம் மட்டும் வைத்திருப்பவருக்கு விடை மட்டுமே கிடைக்கிறது. அது வந்த வழி கிடைப்பதில்லை. பவலுக்குப் பன்னிரண்டங்குலமே.

வான் கெல்டருக்குப் பிறகு

கில் மெலே என்ற சாக்ஸபோன் கலைஞர் நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் பதிவு செய்த ஒலிநாடாவை லயனிடம் கொண்டுவந்தார். அந்த ஒலியில் லயன் மயங்கிப்போனார். வழக்கமான பொறியாளரிடம் கொடுத்து இதே ஒலி வேண்டும் என்றார். தன்னால் ஆகாது, இதைச் செய்தவரிடமே போங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். செய்தவர் ரூடி வான் கெல்டர்: பகலில் கண் பரிசோதகர், மற்ற நேரத்தில் பெற்றோர் வீட்டு முன்னறையில் ஒலிப்பதிவாளர். 1953இலிருந்து புளூ நோட்டின் ஒலி அவருடையது. மெலேயின் அந்தப் பதிவுதான் 5020.

இந்தக் காலத்துப் பதிவுகளுக்குப் பன்னிரண்டங்குலத்தின் பக்கம் பலமான நியாயம் இருக்கிறது. முதல் நியாயம் வெறும் கணக்கு. நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் பன்னிரண்டங்குலத் தட்டின் வெளிவரியில் ஊசிக்குக் கீழே நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, பத்தங்குலத்தில் 42. வேகம் கூடினால் அதிர்வெண் உயர்ந்த ஒலிகளுக்கு, முக்கியமாக டிரம்ஸின் சிம்பலுக்கு, இடம் தாராளமாகக் கிடைக்கும். இரண்டாவது நியாயம் நேரம். 1954 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் ஜாஸ் விடுதியில் ஆர்ட் பிளேக்கி, கிளிஃபர்ட் பிரவுன், லூ டொனால்ட்சன், ஹோரஸ் சில்வர், கர்லி ரஸ்ஸல் ஐவரும் வாசித்ததை வான் கெல்டர் அங்கேயே போய்ப் பதிவு செய்தார். முதலில் அது 5037, 5038, 5039 என மூன்று பத்தங்குலங்களாக வந்தது. பிறகு 1521, 1522 என இரண்டு பன்னிரண்டங்குலங்களில் வந்தது. நேரடிக் கச்சேரியை ஆறு துண்டாக வெட்டினால் சூடு இறங்கிவிடும். பீ வீ மார்க்கெட் தன் கீச்சுக் குரலில் கலைஞர்களை அறிமுகம் செய்ய, கைதட்டல் அடங்குமுன் குழு பாய்கிறதே, அந்த ஓட்டம் இருபது நிமிடமாவது அறுபடாமல் போகவேண்டும்.

ஹோரஸ் சில்வரின் ஐவர் குழுப் பதிவுகளும் அப்படியே. 5058இல் நான்கு, 5062இல் நான்கு. மொத்தம் எட்டுப் பாடல்கள். அந்த எட்டும் 1518இல் ஒரே தட்டில் இருக்கின்றன. இரண்டு பத்தங்குலங்களுக்குப் பணம் கொடுப்பதற்கு அட்டைப்படத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டுக்கு ஏறாதவர்கள்

சேகரிப்பவர் பத்தங்குலத்தைத் தேடித்தான் போகவேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இவர்களுக்காக.

பியானோ கலைஞர் ஹெர்பி நிக்கல்ஸ் 1955 மே மாதத்தில் அல் மெக்கிப்பன், ஆர்ட் பிளேக்கி இருவருடன் வாசித்தவை 5068, 5069 என்று வந்தன. வரிசையின் கடைசி எண்களுக்கு ஒட்டினாற்போல். அதற்குள் பத்தங்குலத்தை வாங்குவோர் குறைந்துவிட்டனர். அவருக்கு 1519 என்ற பன்னிரண்டங்குலம் கிடைத்தது உண்மை. ஆனால் அதில் இருப்பவை பிந்தைய பதிவுகள். மே மாதப் பதிவுகள் அந்த வரிசைக்கு ஏறவேயில்லை. நிக்கல்ஸ் 1963இல் 44 வயதில் இறந்தார். 1987இல் மொசைக் பெட்டி வந்தபோதுதான் அவருடைய புளூ நோட் பதிவுகள் முழுமையாக ஓரிடத்தில் சேர்ந்தன. முதல் அச்சுகளின் விலை பல நூறு டாலர்களுக்குப் போகிறது. பெரும்பாலோருக்குப் பெட்டியே வழி. இங்கே பெட்டியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மங்கின் பாடல்களை வேறு பலர் வாசித்து உலகறியச் செய்தார்கள். நிக்கல்ஸுக்கு இந்தத் தட்டுகளே சாட்சி.

யுட்டா ஹிப் என்ற ஜெர்மானியப் பியானோ கலைஞரின் 5056 இன்னொன்று. 1954இல் ஜெர்மனியிலேயே பதிவானது. அவர் பின்பு நியூயார்க் வந்து 1500 வரிசையில் நேரடிக் கச்சேரித் தட்டுகள் தந்தார், சில ஆண்டுகளில் இசையை விட்டுவிட்டுத் துணித் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். நியூயார்க்குக்கு வருமுன் அவர் எப்படி வாசித்தார் என்பதை அந்தப் பத்தங்குலம் சொல்கிறது.

7000 வரிசையை நவீன ஜாஸ் பிரியர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. அதனாலேயே விலை இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சிட்னி பெஷே இருக்கிறார், ஜேம்ஸ் பி. ஜான்சன் இருக்கிறார். நிறுவனத்தின் பழைய பதிவுகளில், 1941 பிப்ரவரி 5 அன்று எட்மண்ட் ஹாலின் கிளாரினெட்டுடன் செலஸ்டா (மணியோசை தரும் விசைப்பலகைக் கருவி), பேஸ், கிதார் மட்டும் சேர்ந்த நால்வர் குழுப் பதிவும் உண்டு. செலஸ்டா வாசிப்பது மீட் லக்ஸ் லூயிஸ். கிதார், மின்கிதாருக்குப் பேர்போன சார்லி கிறிஸ்டியன். இங்கே மின்சாரம் இல்லாத சாதாரணக் கிதார். டிரம்ஸே இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் கேட்க வேண்டிய இசை.

பிரெஸ்டீஜ் பக்கம் ஒரு பார்வை

1949இல் பாப் வைன்ஸ்டாக் தொடங்கிய பிரெஸ்டீஜ் நிறுவனம்தான் அப்போதைய நேர்ப் போட்டியாளர். லயன் ஒத்திகைக்கும் சேர்த்துக் கலைஞர்களுக்குப் பணம் கொடுத்தார். வைன்ஸ்டாக்குக்கு ஒத்திகையில் நம்பிக்கை இல்லை. வந்து வாசித்துவிட்டுப் போகவேண்டும். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இரண்டு இடத்திலும் இருந்தார் என்பதால் ஒப்பிடுவது எளிது. புளூ நோட்டுக்கு 1952 மே மாதம் அவர் வாசித்தவை இன்னும் 78 தட்டின் நீளத்திலேயே இருக்கின்றன. அதற்கு முன்பே, 1951 அக்டோபர் 5 அன்று, சோனி ராலின்ஸ், ஜாக்கி மெக்லீன் ஆகியோருடன் பிரெஸ்டீஜுக்காக எல்.பி.யின் நீளத்தைப் பயன்படுத்தி விரித்து வாசித்துவிட்டார். 1954 ஏப்ரலில் பதிவான ‘வாக்கின்’ பத்தங்குலத்தில் பக்கத்துக்கு ஒரே ஒரு பாடல்தான், எண் 182. பத்தங்குலம் என்றால் சின்னச் சின்னப் பாடல்கள் என்று நான் மேலே சொன்னதை அந்த ஒரு தட்டு தகர்க்கிறது. தட்டின் தரத்தில் என் கைக்கு வந்த பிரெஸ்டீஜ்கள் இரைச்சல் மிகுந்தவை, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அட்டையின் அழகில் புளூ நோட்டுக்கே முதலிடம். வுல்ஃப் எடுத்த புகைப்படங்களும் பால் பேக்கன், ஜான் ஹெர்மன்சேடர் ஆகியோரின் வடிவமைப்பும் அப்படி.

வாங்கும்போது

விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குமுன் உள்ள வெற்று வளையத்தைப் பாருங்கள். வான் கெல்டர் வெட்டியதென்றால் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். தொடக்கத்தில் கையால் கீறப்பட்டவை. பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானவற்றில் காது போன்ற வளைவோடு சிறிய ‘பி’ எழுத்துக் குறி தென்படும். லேபிளில் 767 லெக்சிங்டன் அவென்யூ முகவரி இருக்கவேண்டும். விளிம்பை விரலால் தடவினால் பழையவை மேடு இல்லாமல் தட்டையாக இருக்கும். ஜப்பான் நகல்கள் கண்ணுக்கு அசலைப் போலவே இருப்பதால் இந்தச் சோதனைகளைத் தவிர்க்காதீர்கள். அந்த நகல்களை நான் வெறுக்கவில்லை. தட்டு அமைதியாக ஓடும், அளவு அதே அளவு, மங்கின் பத்து, பன்னிரண்டு நிமிட ஓட்டத்தை அப்படியே தரும். சம்பளத்தில் வாழ்பவருக்கு அதுவே போதும்.

ஒருமுறை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் தட்டை அட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பிவிட்டார். பயணத்தில் தட்டு ஆடி ஆடி, எழுபது ஆண்டுகள் பிழைத்திருந்த அட்டையின் அடித்தையல் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தட்டு பழுதில்லை, அட்டை போயிற்று. இப்போது பணம் அனுப்புமுன், தட்டை வெளியே எடுத்துத் தனி உறையில் இட்டு அட்டைக்குப் பின்னால் வைக்கும்படி எழுதிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேட்பதற்கு மோனோ ஊசி வைத்துக்கொள்ளுங்கள். அக்கால வரிப்பள்ளம் அகலமானது. 25 மைக்ரான் முனை அதில் சரியாக உட்காரும், ஸ்டீரியோவுக்கான 18 மைக்ரான் முனை அடியில் கிடக்கும் தூசியைக் கிளறும். 1954க்கு முன்பு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒலிச்சமன் அளவுகோல், அதாவது தட்டு வெட்டும்போது மந்த, கூர் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் முறை, கிடையாது. ஆகவே இன்றைய ஆம்ப்ளிஃபயரில் சில தட்டுகள் கூர்மையாகவோ மந்தமாகவோ ஒலித்தால் தட்டின் மேல் பழி போடாமல் டிரெபிள் குமிழைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். என் 5002ஐ நான் அரைச் சுற்று குறைத்துத்தான் கேட்கிறேன். அப்போது மங்கின் இடக்கை சரியான இடத்தில் வந்து விழுகிறது.