டேப்பெட்டா, டைமிங் செயினா, கனெக்டிங் ராடா: பழைய பைக் சத்தம் ஓர் அலசல்

பழைய பைக்கில் புதிதாக ஒரு சத்தம் வந்தால், கேட்பவர்கள் எல்லாம் முதலில் சொல்வது "டேப்பெட்தான், டைட் பண்ணிட்டா சரியாயிடும்." டேப்பெட் என்பது வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். பல சமயம் உண்மைதான். ஆனால் டேப்பெட் மாதிரியே நடிக்கும் ஆட்கள் எஞ்சினில் நிறைய உண்டு.

அதிகம் குழப்புவது டைமிங் செயின், அதாவது கிராங்கிலிருந்து (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) கேம் ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டு) ஓட்டும் செயின். இரண்டு சத்தமும் எஞ்சினின் மேல்பக்கத்திலிருந்தே வரும். டேப்பெட் சத்தம் தையல் மிஷின் போலச் சீராக, டிக் டிக் என்று அடிக்கும். முறுக்கினால் தாளம் மாறாமல் வேகம் மட்டும் கூடும். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், எஞ்சின் 1200 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு வால்வு நிமிடத்துக்கு 600 முறைதான் திறக்கும். செயினுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கியது போல ஐடிலில் சலசலக்கும், கொஞ்சம் முறுக்கினால் அமுங்கும், ஆக்சிலரேட்டரை விட்டதும் திரும்ப வரும்.

செலவு என்று பார்த்தால் டேப்பெட்டே மலிவு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கலாம். பல சிறிய எஞ்சின்களில் டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி 0.05 முதல் 0.10 மி.மீ. வரை இருக்கும், ஆனால் உங்கள் மேனுவலில் உள்ள அளவுதான் கணக்கு. சத்தமே வரக்கூடாது என்று இறுக்கிவிடாதீர்கள். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டில் முழுதாக உட்காராமல் போனால், சூட்டை இறக்க வழியில்லாமல் கருகிவிடும். லேசாகத் தட்டும் டேப்பெட்தான் எனக்கு நிம்மதி. செயினில் டென்ஷனர் (செயினைத் தளராமல் அழுத்திப் பிடிக்கும் பாகம்) மட்டும் போயிருந்தால் வேலை சின்னது. செயினே நீண்டுவிட்டால் புது டென்ஷனர் கொஞ்ச நாள்தான் தாங்கும்.

பிஸ்டன் சத்தத்தையும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் சத்தத்தையும் பிரித்துக்காட்டுவது சூடு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடத்து, எஞ்சின் சூடானதும் அடங்கினால் பிஸ்டன் ஆட்டம். அலுமினியப் பிஸ்டன், சிலிண்டரின் உள்சுவரான இரும்பு லைனரைவிட அதிகமாக விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. இதோடு சில காலம் ஓட்டலாம். சூடாக ஆக, மேட்டில் ஏற ஏற, அடியிலிருந்து டொக் டொக் என்று கனமாகக் கேட்டால் அது ராடு பேரிங். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்தி, நுனியை ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி), சிலிண்டர், கிராங்க் கேஸ் (அடிப்பகுதி) என வரிசையாக வைத்துக் கேளுங்கள். அப்புறம் நியூட்ரலில் க்ளட்ச்சைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் சந்தேகத்தை க்ளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் திருப்பலாம்.

என் பைக்கில் சீரான டிக் டிக். இரண்டு முறை டேப்பெட் செட் செய்தேன், கேஜ் சரியாகத்தான் நுழைந்தது, சத்தம் மட்டும் போகவில்லை. ஸ்க்ரூடிரைவரை ஹெட்டில் வைத்தால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வெளியே காதுக்கு நன்றாகக் கேட்டது. ஒருநாள் துடைக்கும்போதுதான் கவனித்தேன்: சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில், நகக்கீறல் அகலத்துக்கு ஒரு கரிக்கோடு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த கையோடு அங்கே விரலை அருகில் கொண்டுபோனேன். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு சின்னக் காற்று விரலில் அடித்தது. அந்த இணைப்பில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினேன், சத்தம் போயே போச்சு.