எம்.ஏ. டெவலப்மெண்ட் கம்யூனிகேஷன்: பணம் கட்டும் முன் அவர்களுடைய ரேடியோ பாடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்

பி.ஜி. அட்மிஷன் தொடங்கிவிட்டது. சென்னைக்கு வெளியே ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பை முடித்து வந்தவள் நான். அதே கோர்ஸுக்கு இந்த வருஷமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பேனர் தொங்குகிறது, வாசகம்கூட மாறவில்லை: சொந்த சமுதாய வானொலி, கிராமங்களில் களப்பணி, என்.ஜி.ஓ.க்களில் இன்டர்ன்ஷிப். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடாததற்குக் காரணம் உண்டு. ஜூனியர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள், இன்டர்னல் மார்க் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். அறுபதுகளில் ஏடிடீ-27 என்ற நெல் ரகத்தை எங்கள் டெல்டா விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு. அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் விழுந்துவிட்டது, தாத்தா அப்படித்தான் சொல்வார். 1975-76இல் சைட் திட்டம் என்று, அமெரிக்க செயற்கைக்கோளை இரவல் வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டி.வி. காட்டினார்கள். விவசாயம், சுகாதாரம், பள்ளிப்பாடம் எல்லாம் அதில் வந்தது. ஒரு தகவல் ஒரு ஊரை எப்போது மாற்றுகிறது, எப்போது மாற்றாமல் போகிறது என்று ஆராயும் படிப்பு இது. அதற்காகத்தான் சேர்ந்தேன்.

முதல் செமஸ்டர் முழுக்க எங்களுக்கு நடந்தது என்ன தெரியுமா? செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன். குரூப் டிஸ்கஷன். ரெஸ்யூம் எழுதுவது. கையைக் கட்டாதே, கண்ணைப் பார்த்துப் பேசு. பி.பி.ஏ. பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் சாஃப்ட் ஸ்கில் ட்ரெய்னர், அதே பி.பி.டி.யோடு எங்கள் வகுப்புக்கும் வருவார். முதல் ஸ்லைடில் பி.பி.ஏ. என்று இருந்ததைக்கூட மாற்றவில்லை. சிலபஸ் புத்தகத்தில் இந்தத் துறையின் முன்னோடி அறிஞர்களான வில்பர் ஷ்ராம் இருக்கிறார், எவரெட் ரோஜர்ஸ் இருக்கிறார், பங்கேற்புத் தகவல் தொடர்பு என்று தனி யூனிட்டே இருக்கிறது. டைம்டேபிளில் யாரும் இல்லை.

ஒரே ஒரு கெஸ்ட் லெக்சரர் மட்டும் விதிவிலக்கு. புதிய விதையும் உரமும் வரும்போது முதலில் எடுத்துக்கொள்கிறவன் நிலமும் கடன் வசதியும் உள்ளவன்தான், அப்படியிருக்க, புதுமையை யார் முதலில் ஏற்கிறார், யார் கடைசியில் ஏற்கிறார் என்று மக்களைப் பிரிக்கும் ரோஜர்ஸின் பட்டியல் மற்றவனைப் ‘பின்தங்கியவன்’ என்று சொல்வது எவ்வளவு நியாயம் என்று கேட்டு, இரண்டு மணி நேரம் எங்களைச் சண்டை போட வைத்தார். நான் அங்கே படித்தது என்றால் அவருடைய வகுப்புகள்தான். அடுத்த செமஸ்டரில் அவர் வரவில்லை. சம்பள பாக்கி என்று பேச்சு.

இப்போது அந்த ரேடியோவுக்கு வருகிறேன். அறை உண்மையிலேயே அழகாக இருக்கும். சுவரெல்லாம் ஃபோம், நடுவில் மிக்ஸர், வாசலில் ‘ஆன் ஏர்’ சிவப்பு விளக்கு. அட்மிஷனுக்கு வரும் பெற்றோரைத் தவறாமல் அங்கே கூட்டிப்போவார்கள். ஆனால் சமுதாய வானொலி நடத்த மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும், பிறகு அலைவரிசை உரிமம் வாங்க வேண்டும். இரண்டும் எங்கள் ‘ஸ்டேஷனுக்கு’ இல்லை. நாங்கள் பதிவு செய்த நிகழ்ச்சி கேன்டீன் ஸ்பீக்கரில் ஓடும். யாருக்காக? பரோட்டாவுக்கு வரிசையில் நிற்பவர்களுக்காக. சட்டப்படி நடக்கும் சமுதாய வானொலி 100 வாட் டிரான்ஸ்மிட்டரில் சுமார் 10 கிலோமீட்டர் சுற்றுக்குக் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. அண்ணா பல்கலைக்கழகம் 2004லேயே அண்ணா எஃப்.எம். ஆரம்பித்துவிட்டது, அதனால் முடியாத காரியம் ஒன்றுமில்லை. எங்கள் சலானில் மட்டும் செமஸ்டர் தவறாமல் ‘ரேடியோ லேப் ஃபீஸ்’ வந்தது.

களப்பணி என்றால் காலேஜ் பஸ்ஸில் போய், பேனரைப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு, கேள்வித்தாள் நிரப்பி வருவது. நான் போன ஊரில் ஒரு அக்கா நேரடியாகவே கேட்டுவிட்டார்: “போன வருசமும் பசங்க வந்து இதையேதான் கேட்டுட்டுப் போனாங்க. எழுதிக்கினு போயி என்னாத்த பண்றீங்க?” எங்களோடு வந்த ஸ்டாஃப், அவர் பேச்சை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகச் சொன்னார். அறிக்கை எழுதும்போது சீனியர்களின் ஃபைலே கிடைத்தது, தேதியை மாற்றிக்கொண்டால் போதும் என்று.

இன்டர்ன்ஷிப் இதைவிட மோசம். ப்ரோஷரில் லோகோ போட்டிருந்த ஒரு தொண்டு நிறுவனத்துக்கு போன் செய்தால், அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை என்றார்கள். கடைசியில் வகுப்பில் பாதிப் பேரைப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் ஆபீஸிலேயே உட்கார வைத்து, ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு போன் போடச் சொன்னார்கள். சர்டிபிகேட்டில் அதற்குப் பெயர் ‘கம்யூனிட்டி அவுட்ரீச்’!

எல்லோருக்கும் இந்த ஆத்திரம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வு எழுத ஒரு எம்.ஏ. டிகிரி வேண்டும் என்று வந்த அண்ணன் ஒருவர் லைப்ரரியிலேயே இருந்து படித்துக்கொண்டார். அவருக்கு இந்த இடம் போதும்.

மாட்டிக்கொண்டது என் தோழி. சேர்ந்த சில வாரங்களிலேயே நிலைமை புரிந்து விலகினாள். மூலச் சான்றிதழ்களைத் தர மறுத்து, இரண்டு வருஷக் கட்டணத்தையும் கட்டச் சொன்னார்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு இதை நேராகவே தடுக்கிறது: சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. பணத்துக்கும் அதில் கணக்கு உண்டு. அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு பிராசஸிங் தொகை போக முழுசும் திரும்ப வரவேண்டும். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் பாதி, அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. அந்த அறிவிப்பின் நகலை இணைத்துப் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதிய பிறகுதான் சான்றிதழ் அவள் கைக்கு வந்தது.

எனவே, போய்ப் பார்க்கிறவர்கள் சிலபஸைக் கேட்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் டைம்டேபிளையும் யார் யார் எடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ரேடியோ இருக்கிறது என்றால் அலைவரிசை எண்ணைக் கேட்டுக்கொண்டு, காம்பவுண்டுக்கு வெளியே வந்து போனில் எஃப்.எம். போட்டுப் பாருங்கள். அனுமதி பெற்ற நிலையங்களின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. போன பேட்ச்சின் ஆய்வறிக்கைகளை லைப்ரரியில் புரட்டினால் காப்பி அடித்தது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். டீ-ஷர்ட் போட்டுச் சுற்றிக்காட்டும் ‘ஸ்டூடண்ட் அம்பாசடர்’ சொல்வதை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நிற்கும் இரண்டாம் வருஷப் பிள்ளையிடம் பேசுங்கள். எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று ரசீதில் இல்லாமல் பணம் கட்ட வேண்டாம்.

தோழிக்குப் பணம் இன்னும் வரவில்லை. பல்கலைக்கழகத்தின் மாணவர் குறைதீர்க் குழு கையை விரித்துவிட்டது. யுஜிசியின் 2023 விதிகளின்படி அடுத்த கட்டம் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு, அதற்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதிவாகியிருக்கிறது. படித்ததும் இது எந்த இடம் என்று புரிந்த பழைய மாணவர்கள், ரேடியோ லேப் ஃபீஸ் சலானோ அந்த லோகோக்கள் அச்சிட்ட ப்ரோஷரோ கைவசம் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மனுவோடு இணைக்க வேண்டும்.