ஹெட் கேஸ்கெட்டை வீட்டிலேயே மாற்றி ஆறு வருஷம்: 46,000 கிலோமீட்டருக்குப் பிறகு

2019 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, குரோம்பேட்டையிலிருந்து செங்கல்பட்டில் உள்ள மாமனார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வண்டி 2006 மாடல் மாருதி 800, பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வகை. 2012இல் இரண்டாம் கையாக வாங்கியது. அன்றைக்கு 92,000 கிலோமீட்டர் காட்டியது. சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் வண்டிகள் நகரவே இல்லை. "என்னங்க, முள்ளு மேல போகுது பாருங்க" என்று மனைவி சொன்ன பிறகுதான் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். தண்ணீர் ஊற்றி, வழியில் மூன்று இடங்களில் நிறுத்தி, ஒருவழியாக வீடு போய்ச் சேர்ந்தோம். அந்தக் கடைசிப் பத்து கிலோமீட்டரை நான் ஓட்டியிருக்கவே கூடாது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்தது அதில்தான் என்று இன்றும் நினைக்கிறேன். முள் ஒரு தடவை மேலே போய்விட்டால், கயிறு கட்டி இழுத்துப் போவதற்கு ஆகும் செலவு, பின்னால் வருவதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலையில் ஆயில் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் வெண்ணெய் பூசியதுபோல் இளமஞ்சளாக ஒரு பசை. ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். முதல் சிலிண்டர் 165 பிஎஸ்ஐ, இரண்டாவது 95, மூன்றாவது 90. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்தாற்போல் இறங்கியிருந்தால் இரண்டுக்கும் நடுவே, ஹெட்டுக்கும் அதற்கு அடியில் உள்ள பிளாக்குக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது என்று பொருள். மெக்கானிக் யாரும் வருவதற்கு முன்பே நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. வேலையை யார் செய்தாலும் சரி, இந்தச் சோதனையை நாமே செய்துவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அன்றைக்கு 900 ரூபாய்க்குக் கிடைத்த கேஜே போதும். அடுத்த மாதமே சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

உள்ளூரில் ஒரு பட்டறையில் கேட்டேன். "ஆஃப் இன்ஜின் வேலை வரும் சார், 16,000 ஆகும்" என்றார்கள், அதாவது பாதி இன்ஜினைப் பிரிக்கும் வேலை. அநியாய விலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி ஏன் சூடாயிற்று என்று கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. "பழைய வண்டி, அப்படித்தான்" என்றார்கள். என்னை யோசிக்க வைத்தது விலை இல்லை, அந்தப் பதில்தான். காரணத்தைச் சரிசெய்யாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் புதுக் கேஸ்கெட்டும் அதே வழியில் போகும்.

காரணம் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்தான் ஆனது. ரேடியேட்டர் விசிறி சூட்டைப் பார்த்துத் தானாக ஓட வேண்டும். அதற்கான சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, இரண்டு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். விசிறி உடனே சுற்றியது. மோட்டார் நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் செத்துப்போயிருக்கிறது. அன்றைய விலை 350 ரூபாய். வண்டி ஓடிக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்வரை இந்தக் கோளாறு தெரியாது, நெரிசலில் நின்றால்தான் காட்டிக்கொடுக்கும்.

சரி, நானே செய்யலாமா? அதுவரை நான் செய்திருந்தது ஆயில் மாற்றுவது, பிளக், முன் பிரேக் பேட், ஆல்டர்னேட்டர் பெல்ட். ஹெட்டை இறக்கியதில்லை. ஒரு வாரம் யோசித்தேன். என்னால் முடியுமா என்பதை விட வேறு இரண்டு கேள்விகள்தான் முடிவெடுக்க உதவின. நடுவில் நிறுத்திவிட்டுப் போகக்கூடிய வேலையா இது? சரியாகச் செய்தேனா இல்லையா என்பது, வண்டி வாசலைத் தாண்டுவதற்கு முன்பே எனக்குத் தெரியுமா?

ஹெட் கேஸ்கெட்டுக்கு இரண்டிலும் ஆமாம் என்றுதான் பதில். எல்லா வேலையும் பானெட்டுக்குள் மேலிருந்து செய்வது. எந்த நட்டில் நிறுத்தினாலும் எதுவும் தலைமேல் விழாது. கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றால் நிறுத்தின இடத்திலேயே புகையும் குமிழும் சொல்லிவிடும். வண்டி ஏற்கெனவே மாமனார் வீட்டுத் தகரக் கொட்டகையில் நின்றது. நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் பார்க்கிங்கில் ஆயில் சிந்தினாலே சங்கத்திலிருந்து ஆள் வந்துவிடுவார். அங்கே நின்றிருந்தால் இந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டேன். "மாப்பிள்ளை, கொட்டகை சும்மாதானே கெடக்கு, எத்தனை வாரம் ஆனாலும் ஆகட்டும்" என்று மாமனார் சொன்னது எனக்கு ஸ்பானர் செட்டை விடப் பெரிய கருவி. சனிக்கிழமை காலை மின்சார ரயிலில் போய் ஞாயிறு இரவு திரும்புவது என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்தது நான்கு வாரம் ஆனது.

இந்த இன்ஜின் மூன்று சிலிண்டர், 796 சிசி, வால்வுகளைத் திறக்க ஒரே கேம் ஷாஃப்ட், அதைச் சுற்ற டைமிங் பெல்ட். கண்ணுக்கு எல்லாம் தெரியும், கைக்கு எல்லாம் எட்டும். கழற்றும் வேலையில் பெரிய வித்தை எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டும். பேட்டரியைக் கழற்றி, இன்ஜினை ஆற்றும் கூலன்ட் திரவத்தை வடித்து, பெட்ரோல் லைனில் அழுத்தத்தை விடுவித்து, ஒவ்வொரு ஹோஸையும் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றினேன். டைமிங் குறிகளைச் சேர்த்து வைத்து, அதன்மேல் வெள்ளைப் பெயின்டில் என் குறியையும் போட்டேன். மைத்துனன் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் ஹெட்டின் படம் வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தான். மூன்று வாரம் கழித்துப் பூட்டும்போது அந்த அட்டைதான் காப்பாற்றியது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் ஹெட் போல்ட்டில் கை வைக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் அலுமினிய ஹெட் வளையும்.

சிக்கல் வந்தது எக்ஸாஸ்ட் பக்கம். பதின்மூன்று வருஷத் துரு. முந்தின நாள் இரவே துரு நீக்கும் ஆயில் அடித்து ஊறப் போட்டிருந்தேன். 12ஆம் நம்பர் ரிங் ஸ்பானரைப் போட்டு மெதுவாகத்தான் திருப்பினேன். முதல் நான்கும் கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. ஐந்தாவது வரவில்லை. திருப்பும்போது கையில் ஒரு வித்தியாசம் தெரிந்தது: அதுவரை கல் மாதிரி நின்றது, திடீரென்று மிட்டாய்போல் இளகி வந்தது. நட்டு கழல்கிறது என்று மைத்துனன் சந்தோஷப்பட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த கால் சுற்றில் 'டக்' என்று, நட்டு ஏறியிருந்த மரைக் கம்பியான ஸ்டட் முறிந்து ஸ்பானரோடு கையில் வந்தது. முறிந்த முகத்தில் பாதி கறுப்பு, பாதி புது வெள்ளி. முன்பே பாதி வெடித்திருந்ததுதான். எனக்குப் பதில் பட்டறைப் பையன் திருப்பியிருந்தாலும் முறிந்திருக்கும். ஆனால் பட்டறையில் அது அவர்கள் கவலை. என் கொட்டகையில் அது என் கவலை. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஹெட்டை இறக்கியதும் பிளாக்கில் சிலிண்டர் சுவர்களில் ஆயில் பூசி, சுத்தமான துணி போட்டு மூடினேன். வார்ப்பிரும்பு, ஐந்து நாள் திறந்து கிடந்தால் துருப் பிடித்துவிடும். கேஸ்கெட்டைப் பார்த்தவுடனே விஷயம் புரிந்தது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே தீய்ந்து, ஒரு நெல்மணி அளவுக்கு அரித்துப்போயிருந்தது. ஹெட்டின்மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். பொறுக்கக்கூடிய அளவு 0.05 மில்லிமீட்டர். என் ஹெட்டில் 0.15 தகடு தாராளமாக நுழைந்தது.

இங்கேதான் 'நானே செய்தேன்' என்ற பேச்சுக்கு ஓர் எல்லை இருக்கிறது. வளைந்த ஹெட்டை வீட்டில் நிமிர்த்த முடியாது. கண்ணாடிமேல் எமரி பேப்பர் ஒட்டித் தேய்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நான் செய்ய மாட்டேன். துணியில் சுற்றிக் கட்டி, தாம்பரம் பக்கத்தில் ஹெட் வேலை மட்டுமே செய்யும் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். ஹெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "தம்பி, போர் தண்ணி ஊத்தினீங்களா?" என்றார். தண்ணீர் ஓடும் வழிகளில் படிந்திருந்த வெள்ளை உப்பைக் காட்டினார். வாங்கிய நாளிலிருந்து குறையும்போதெல்லாம் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றிவந்தேன். உப்பு படிந்தால் சூடு வெளியேறாது. அப்புறம் அழுத்தம் கொடுத்து விரிசல் இல்லை என்று பார்த்து, முறிந்த ஸ்டட்டின் தலையில் ஒரு நட்டை வெல்டு வைத்து, சூடு இருக்கும்போதே திருப்பி எடுத்துக்கொடுத்தார். ஹெட்டைச் சமமாகச் சீவும் ஃபேசிங், வால்வு சீட்டிங் எல்லாம் சேர்த்து 1,800, ஸ்டட்டுக்கு 300.

கேஸ்கெட் செட், டைமிங் பெல்ட் எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். புதுப்பேட்டையில் பழைய ஹெட்டே கிடைக்கும் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று விட்டேன். அது எந்த வண்டியில் எவ்வளவு சூடு பார்த்ததோ தெரியாது.

பூட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச். எனக்கு 3,200 ரூபாய் ஆனது. கை அளவை நம்பி ஹெட் போல்ட்டை முறுக்குபவர்கள் நாற்பது வருஷ அனுபவஸ்தர்கள். நமக்கு அது இல்லை. போல்ட் துளைகளுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தாலும் போல்ட் இறங்காமலே ரெஞ்ச் 'கிளிக்' என்று பொய் சொல்லும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு துளையையும் துடைத்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக முறுக்கினேன். டைமிங் பெல்ட்டைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்பானரால் இன்ஜினை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றினேன். எங்கும் முட்டவில்லை, குறிகள் மீண்டும் சேர்ந்தன.

முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை. பயந்துவிட்டேன். உள்ளே தேங்கியிருந்த கூலன்ட் ஆவியாகிறது என்று பிறகு புரிந்தது. பத்து நிமிஷத்தில் நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, காற்று வெளியேற வெளியேற கூலன்டை நிரப்பினோம். மேல் ஹோஸ் சூடேறியது. எல்லோரும் விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றோம். சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. மாமியார் காபி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போயிருந்தது.

பாகம், லேத், ஆயில், கூலன்ட் எல்லாம் 6,400. கருவிகள் 4,350. ஆக 10,750. பட்டறைக் கணக்கோடு பார்த்தால் 5,250 மிச்சம். நான்கு வாரம் வண்டியில்லாமல் ஆட்டோவுக்குக் கொடுத்ததைக் கழித்தால் அதில் பாதிகூட நிற்காது. பணத்துக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள். தினமும் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் தொடவே தொடாதீர்கள்.

இப்போது 1,38,000 ஓடியிருக்கிறது. ஹெட் பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆயில் மூடி சுத்தம். ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் கோட்டை விட்டு இறங்கவில்லை. குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு கூட உள்ளே போவதில்லை. கூலன்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒரே குறை, எட்டாவது மாதத்தில் வால்வு கவரின் ஓரம் ஆயில் கசிந்தது. பழைய ரப்பர் வாஷர்களையே திரும்பப் போட்டதால் வந்தது. கழற்றிப் புதிது போட்டேன், அரை மணி வேலை. 2021இல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கும்போது வண்டியை விற்றுவிடலாமா என்று பேச்சு வந்தது. இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவன் என்பதால் தைரியமாக வேண்டாம் என்றேன்.

2022இல் கிளட்ச் தேய்ந்தது. ஹெட்டையே செய்தவன் இதையும் செய்வேன் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நான் பட்டறையில் விட்டேன், 6,500. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து, பாதி கழன்ற கியர்பாக்ஸைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது 'மீதி அடுத்த சனிக்கிழமை' என்று எழுந்து வர முடியாது. எங்களிடம் பள்ளமும் இல்லை, லிஃப்ட்டும் இல்லை. பிரேக்கிலும் பேட் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். பின் வீல் சிலிண்டர் கசிந்தபோது பட்டறைக்குத்தான் கொடுத்தேன். அதில் தப்புச் செய்தால் தெரியவருவது சாலையில்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் என் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகள் ஒரு தடவைதான் பயன்படும். டார்க்கோடு கோண அளவும் பார்த்து முறுக்க வேண்டும். காமன் ரெயில் டீசலில் ஸ்கேனர் இல்லாமல் பாதி வேலை நகராது. முதலில் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை முழுதாகப் படியுங்கள். 'இதற்குத் தனிக் கருவி தேவை' என்று எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். என் வண்டிக்கு வந்ததை எல்லாம் இரவல் வாங்கியே சமாளிக்க முடிந்தது.

இந்த மாதம் ஸ்டீயரிங்கில் லேசாக ஆட்டம் தெரிகிறது. ஸ்டீயரிங்கை முன்சக்கரங்களோடு இணைக்கும் டை ராடு எண்டா, ரேக்கா என்று ஞாயிற்றுக்கிழமை ஜாக்கியில் தூக்கிப் பார்க்கப் போகிறேன். எதுவாக இருந்தாலும் திங்கட்கிழமை பட்டறைக்குத்தான்.