பழைய கேமராவைக் கூரியரில் அனுப்பி விற்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம். நூற்றுக்கு 45 போனவன் எழுதுகிறேன்

நேற்று ராத்திரி பணம் வந்தது. பேசிய தொகை நூறு என்றால் வந்தது 55. மீதி 45 போயே போச்சு. தொகையை அப்படியே எழுதலாம்தான். எழுதினால் "அவ்வளவு கம்மிக்கா கொடுத்தாய்?" என்று ஒருவரும், "இதற்கா இந்தக் கூத்து?" என்று இன்னொருவரும் ஆரம்பிப்பீர்கள். அதனால் நூற்றுக்குக் கணக்கு. நூற்றுக்கு 45.

பழைய கேமரா சாமான்களை எந்த வழியில் விற்றால் நல்லது என்று நிதானமாக ஒரு பதிவு எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்த நிதானம் இப்போது என்னிடம் இல்லை. கிடைக்கிறதை வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்றது மூன்று பொருள். கேனான் 5டி மார்க் 3 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்), 24-70 எஃப்/2.8 எல் லென்ஸ், நெருக்கத்தில் எடுப்பதற்கான 100 எம்எம் எல் மேக்ரோ லென்ஸ். 24-70 புது பதிப்பு இல்லை, 2002-ல் வந்த பழைய பதிப்பு. இது முக்கியம், பின்னால் வரும். பாடி 2012 மாடல். 2018-ல் உள்ளே கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேனான் ஆர் வரிசை வந்ததிலிருந்து, என்னுடையது மாதிரி கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் பாடிகளுக்கு இறங்குமுகம்தான். லென்ஸ் அவ்வளவு மோசமில்லை. அடாப்டர் போட்டால் டிஎஸ்எல்ஆருக்கான இந்த இஎஃப் வகை லென்ஸ்கள் ஆர் பாடியிலும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும், அதனால் கேட்க ஆள் இருக்கிறது. பாடியைத் தனியாக, லென்ஸ்களைத் தனியாக விற்றிருக்க வேண்டும். தெரிந்தும் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே ஆளிடம் கொடுத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஏன் கொடுத்தேன்? அலுத்துப் போயிருந்தேன். முதலில் ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் ஒரு செயலியில் போட்டேன். இரண்டு வாரம் "லாஸ்ட் எவ்வளவு?" என்ற கேள்வி மட்டும்தான். ஒருவர் போனுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றார். இன்னொருவர் பணம் அனுப்பியாச்சு என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், கணக்கில் ஒன்றும் வரவில்லை. நேரில் கடைக்கு எடுத்துப் போனால் அவர்கள் சொன்ன விலை குறைவாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்தக் கடைக்காரர் தெய்வம். என் கண் முன்னால் லென்ஸைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு தொகை சொன்னார், சரி என்றால் உடனே கையில் பணம். அந்தத் தொகை நூற்றுக்கு 70. நான்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்புறம்தான் இந்தத் தளம். பழைய கேமராவை அவர்களே வாங்கி, அவர்களே விற்கிற வகை. போட்டோ ஏற்றினால் விலை வரும், வீட்டுக்கே கூரியர் வரும், சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் போடுவார்கள். பெயர் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். சொன்னால் இந்தப் பதிவையும் தூக்கச் சொல்லி ஒரு மெயில் வரும்.

விலை வந்த அன்றே ஒரு பையன் கூப்பிட்டான். "அண்ணா, நானும் கல்யாண போட்டோகிராபியிலிருந்து வந்தவன்தான். இந்தப் பழைய 24-70-ல்தான் தொழில் பழகினேன்" என்றான். அவ்வளவுதான், நான் கரைந்துவிட்டேன். "போட்டோவைப் பார்த்தாலே தெரியுதுண்ணா, குழந்தை மாதிரி வெச்சிருக்கீங்க" என்று வேறு சொன்னான். பத்து நிமிடம் லென்ஸ் பற்றியே பேசினோம். கடைசியில் கேட்டேன், சோதித்த பிறகு விலையைக் குறைப்பீர்களா என்று. "போட்டோல இருக்கிற மாதிரி இருந்தா ஒரு காசு குறையாதுண்ணா."

இருந்தா. அந்த ஒரு வார்த்தையில் இருந்திருக்கிறது எல்லாம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து பேக் செய்தேன். புளோயரால் ஊதி, ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து உலோகம் தெரிந்த விளிம்பைக்கூட ஒரு தடவை துடைத்தேன். லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, தனித்தனியாகச் சுற்றி, புதுசாக வாங்கின சிலிகா ஜெல் பையை உள்ளே வைத்தேன். அவன் பேச்சில் மயங்கி ஒரு துண்டுச் சீட்டில் "நன்றாகப் பயன்படுத்துங்கள்" என்று எழுதிப் போட்டேன். வீடியோ எடுத்தேனா? இல்லை. சீட்டு எழுத நேரம் இருந்தது, வீடியோ எடுக்க இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மெயில் வந்திருக்கிறது. விளம்பர மெயில்களோடு போய் விழுந்ததால் ஞாயிறு ராத்திரிதான் கண்ணில் பட்டது. 24-70-ல் பூஞ்சை, ஷட்டர் கவுண்ட் (கேமரா இதுவரை எத்தனை தடவை கிளிக் ஆகியிருக்கிறது என்ற எண்ணிக்கை) 1,61,000, அதனால் தரம் "மிக நன்று" என்பதிலிருந்து "சுமார்". குறைப்பு நூற்றுக்கு 45.

ஷட்டர் கவுண்ட் என் கேமராவில் 61 ஆயிரத்துச் சொச்சம். இரண்டு மாதம் முன்பு யுஎஸ்பி கேபிள் போட்டு மென்பொருளில் பார்த்தேன். இந்த மாடலின் ஷட்டருக்குக் கேனான் சொல்லும் ஆயுள் 1,50,000. ஆக, முன்னால் ஒரு ஒன்றைச் சேர்த்தால் சரியாக எல்லை தாண்டிவிடும், எவ்வளவு வசதி! நிக்கான் என்றால் எடுத்த படத்தோடு சேர்ந்தே பதிவாகும் எக்சிஃப் தகவலிலேயே எண்ணிக்கை பதிவாகியிருக்கும், பழைய படம் ஒன்றைக் காட்டி வாயை அடைத்திருக்கலாம். 5டி-யில் அது படத்தில் பதிவாகாது. நான் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைக்கவில்லை.

பூஞ்சைக்கு ஆதாரமாக ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்கள். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நூல் நூலாக, சிலந்தி வலை மாதிரி. பூஞ்சைதான், சந்தேகமில்லை. தூசி என்றால் புள்ளி புள்ளியாக இருக்கும், படத்திலும் தெரியாது. பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்க வளையத்தில் ஃபில்டர் அளவு அச்சடித்திருக்கும் அல்லவா, அதில் 82 என்று இருந்தது. என் லென்ஸ் 77. பழைய 24-70 எல்லாமே 77 தான், 2012-ல் வந்த இரண்டாம் பதிப்புக்குத்தான் 82. ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு அந்த 82-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் லென்ஸே இல்லை.

திங்கள் காலையில் அந்தப் பையனைப் பிடித்தேன். "நான் கொள்முதல் டீம்ணா, சோதனை டீம் வேற. எனக்கு அவங்க நம்பரே தெரியாதுண்ணா." சாட்டில் கேட்டால் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்", அதே வரி நான்கு தடவை. மூன்றாவது நாள் மேலதிகாரி என்று ஒரு அம்மா பேசினார். 82, 77 எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது மாதிரிப் படம் சார். பூஞ்சைன்னா என்னன்னு உங்களுக்குப் புரியறதுக்காகப் போட்டது" என்றார்.

பதினொரு வருஷமாகப் படம் எடுக்கிறேன். எனக்குப் பூஞ்சை என்றால் என்னவென்று புரிய வைக்கிறார்கள்.

என் லென்ஸின் படத்தை அனுப்புங்கள் என்றேன். கிடங்குக்குப் போய்விட்டதாம். சரி, வியாபாரமே வேண்டாம், பொருளைத் திருப்பி அனுப்புங்கள் என்றேன். நீங்கள் விலையை ஏற்றுக்கொண்ட பிறகு திருப்ப முடியாது சார் என்றார். நான் எப்போது ஏற்றேன்? "48 மணி நேரத்தில் பதில் வரலைன்னா ஏற்றதாகத்தான் அர்த்தம் சார், நிபந்தனையில் இருக்கு." போய்ப் பார்த்தேன். இருக்கிறது, அடியோ அடியில். வெள்ளி சாயங்காலம் மெயில் போட்டால் ஞாயிறு சாயங்காலம் கெடு முடிந்துவிடும். சனி, ஞாயிறு அவர்கள் போனை எடுப்பதில்லை. கணக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். நூற்றுக்கு 45 என்பது அந்த மேக்ரோ லென்ஸின் மொத்த விலைக்கும் மேலே. ஒரு லென்ஸை இனாமாகக் கொடுத்து, மேலே காசும் கொடுத்திருக்கிறேன்.

எந்த வழியில் விற்பது நல்லது என்று எழுதுவதாகச் சொன்னேனே, அது இவ்வளவுதான். நேரில் காட்டி, நேரில் சோதித்து, நேரில் பணம் வாங்க முடிந்தால் விலை குறைந்தாலும் அங்கேயே விற்றுவிடுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி தொடங்கி பெட்டியில் டேப் ஒட்டுகிற வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ. ஷட்டர் கவுண்டை அன்றைய தேதியோடு ஸ்கிரீன்ஷாட். அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் துவாரம்) முழுக்கத் திறந்து, லென்ஸுக்குப் பின்னாலிருந்து போன் வெளிச்சம் அடித்து ஒரு படம், ஓரங்கள் தெரிய. பேசாமல் இருந்தால் சம்மதமா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள், போனில் அண்ணா என்று கூப்பிடுகிறவன் சொல்வதெல்லாம் கணக்கில் வராது. மெமரி கார்டை எடுத்துவிடுங்கள், மெனுவில் உங்கள் பெயர் இருந்தால் அழித்துவிடுங்கள். நான் அழிக்கவில்லை. யார் கையிலோ இருக்கிற அந்த கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் இப்போது என் பெயர்தான் பதிவாகிக்கொண்டிருக்கும்.

இன்னும் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன். இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு மெயில். என் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று போட்டு மூடிவிட்டார்கள். கீழே ஐந்து நட்சத்திரம், எத்தனை கொடுப்பீர்கள் என்று.